வலது பக்கத்துப் பொத்தான்

எங்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாற்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டது. புது ஆப்பைச் சோதித்துப் பார்க்க ஒரு தொழிலாளி வேண்டும் என்று, அதை வடிவமைக்கிற பெண் வந்து கேட்டபோது சூப்பர்வைசர் என்னைத்தான் அனுப்பினார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெண் முதலில் ஒரு போனைக் கொடுத்தார். பிறகு வாசலில் மாட்டப்போகும் பெரிய திரையைக் காட்டினார். இரண்டிலும் ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி, கீழே இரண்டு பொத்தான்கள். நான் இரண்டாவது சொல்லைக் கூட்டுவதற்குள் கேள்வி மறைந்துவிடும். இருபது வருஷம் கிரேன்காரர் முகத்தைப் பார்த்தே மூட்டை பிடித்தவன் நான். அதனால் இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். என் விரல் தப்பான பக்கம் போனால் அவர் பேனா நின்றது. விரலை நகர்த்தினால் மறுபடி ஓடியது. பன்னிரண்டு திரையையும் அப்படியே கடந்தேன். எது எந்தப் பக்கம் இருந்தது என்று ஒன்றும் மனதில் தங்கவில்லை.

“படிக்க நேரம் போதுதா அண்ணா? சீக்கிரம் மறையுதா?” என்று கேட்டார்.

“இதெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடும்மா” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

என் மனைவியின் தம்பிக்கு எழுத்து வாசனையே கிடையாது. எங்களோடு தினக்கூலிக்கு வருகிறவன். எங்கள் எல்லோருக்கும் அந்த ஆப் போட்ட போன் வந்த அன்றே, மூட்டை ஏற்றியதும் வலது பக்கத்தைத் தொடு என்று அவனுக்குக் குத்துமதிப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். அது சரியாகவே நடந்தது. மறுவாரம் வாசலில் பெரிய திரை வந்தது. தினக்கூலிகள் மட்டும் அதைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அவன் என்னை நிறுத்தி, படித்துச் சொல்லுங்கள் என்றான். பண்டிதர் படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று வரிசையில் எவனோ சிரித்தான். நான் “இன்று வே” வரைக்கும் வந்தேன். கேள்வி மறைந்தது.

“அதேதான் மாப்ளே, வலது பக்கம்” என்றேன்.

நான்கு நாள் அவன் அப்படியே தொட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கினான். ஐந்தாம் நாள் வாசலில் காட்டுகிற அவன் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. அந்தத் திரையில் வலது பக்கம் ‘விடுப்பு’ என்று சூப்பர்வைசர் வாசித்துக் காட்டினார். தொடர்ந்து நான்கு நாள் விடுப்பு என்றால் பட்டியலிலிருந்து பேர் தானாகவே போய்விடுமாம். யார் தொடச் சொன்னது என்று கேட்டார்.

“மாமா சரியாத்தான் சொல்லியிருப்பாரு சார். நான்தான் மாத்தித் தொட்டுட்டேன்” என்றான் அவன்.

அவன் வீட்டுக்குப் போனான். நான் உள்ளே போய் மூட்டை தூக்கினேன். அன்று தூக்கியது எதுவும் கனமாகத் தெரியவில்லை, அதுவே எனக்கு அசிங்கமாக இருந்தது.

மறுநாள் அந்தப் பெண் வாசல் திரையைப் பார்க்க வந்தார். மச்சானும் சூப்பர்வைசரிடம் கெஞ்ச வந்து நின்றான். இருவர் முன்னாலும் சொன்னேன். நான் படிக்கவே இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தொட்டேன், இவனுக்கும் படிக்காமல்தான் சொன்னேன் என்று.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நேரத்தைக் கூட்டியிருப்பேனே அண்ணா. போன்லயும் திரையிலயும் பக்கத்தை ஒண்ணாக்கியிருப்பேன்” என்றார் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அவரே மேலிடத்தில் பேசினார். திங்கட்கிழமை மச்சானை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அன்று காலை வாசல் திரை புதிதாக இருந்தது. நான் அவனுக்குப் பின்னால்தான் நின்றேன். கேள்வி வந்தது, மறையாமல் நின்றது. அவன் திரும்பி என்னைத் தாண்டிப் பார்த்து, வாசலில் நின்ற லாரி டிரைவரைக் கூப்பிட்டான்.

“அண்ணே, இது என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”