அனுப்பியதோடு நின்ற கடிகாரம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. போன ஞாயிறு புனே கட்கியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த அண்ணன் மகள் வைஷு, ரசத்தைப் பிசைந்துகொண்டே புலம்பியதை அப்படியே திருடிவிட்டேன். கம்ப்யூட்டருக்குள் செருகுகிற ஏஐ கார்டு செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டரிலிருந்து கார்டுக்கு டேட்டா எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சோதிக்க வேண்டும்.

முதல் தொடக்கம்: "புனேயின் மழை மாலையில், மின்னணுக்களின் மௌன நதி…" (சீ! அடித்துவிட்டேன்.)

2

மேனேஜர் பத்ரி எடுத்த அளவு, கார்டைச் செருகியிருக்கிற ஸ்லாட்டே தாங்காத வேகத்தைக் காட்டியது. ஆபீஸே பேடா தின்றது.* வைஷு புரோகிராமைத் திறந்து பார்த்தாள். டேட்டாவை அனுப்பச் சொன்ன உடனே கடிகாரம் நின்றுவிடுகிறது. போய்ச் சேர்கிறவரை யாரும் காத்திருக்கவில்லை. காத்திருந்து அளந்தால் பாதி வேகம்கூட இல்லை.

"நம்பர் நல்லாத்தானே இருக்கு? சலேகா, இது போதும்! நீ ஏன் நோண்டறே?" என்றாராம் பத்ரி.

வருகிற திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை நிரந்தரம், போடாவிட்டால் வெளியே. போட்டபிறகு கார்டு வாங்கினவன் கண்டுபிடித்தால் மாட்டுவது அவள்தான், பத்ரி இல்லை.

(பத்ரியை வில்லனாக்க மீசையெல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவரும் மேலே ஒருத்தருக்குப் பயந்து சாகிற ஆள்.)

* வைஷுவும் தின்றாள். அதை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

3

இன்று ஞாயிறு, மறுபடி சாப்பிட வந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, நான்தான் கதையை வாசித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். காகிதத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர்…

"நான் எங்க சித்தப்பா அழுதேன்? எரிச்சல்தான் வந்துது. ரிப்போர்ட் லேப்டாப்ல இருக்கு, காகிதம் ஏது?"

முடிவு இரண்டு: வேலையை உதறிவிட்டு மழையில் நடக்கிறாள்.

"ஸ்கூட்டி என்ன ஆச்சு?"

முடிவு மூன்று: பத்ரி திருந்துகிறார். (இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.)

4

கடைசியில் நவீனமாக, 'முடிவை வாசகரிடமே விடுகிறேன்' என்று வாசித்து நிறுத்தினேன். எனக்கு மகா திருப்தி.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான். காலையிலேயே பத்திரிகைக்கு அனுப்பியாச்சு."

"பத்ரி சாரும் இதேதான் சொன்னார், டேட்டாவை அனுப்பியாச்சுன்னு. நான் கதையா கேட்டேன்? நாளைக்குக் கையெழுத்து போடட்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

"மோர் ஊத்தட்டுமா?" என்றேன்.

வாசகரே, வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் தட்டில் கை வைத்தபடி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்களாவது அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள். தமிழில் எழுதி அனுப்பாதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள்.