வலியைத் தேடி ஆறு மணி நேரம்

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. பிரமிளா தன் முதுகு ஸ்கேன் படத்தையும் டிரைவர் கங்கையாவின் ஸ்கேன் படத்தையும் முன் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, வெயில் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. புத்தூரிலிருந்து பிச்சாட்டூர் வழியாகச் சத்தியவேடு போகிற அரசு பஸ்ஸில் பதினோரு வருஷமாகக் கண்டக்டர். அதில் ஆறு வருஷமாக முதுகுவலி. கங்கையா அந்த வண்டியின் டிரைவர், தெலுங்குக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். போன மாதம் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில், எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் பிரமிளாவின் படத்தில் ஓர் இடத்தில் பிதுங்கியிருந்த டிஸ்க் என்கிற முதுகுத் தட்டு, அவர் படத்தில் மூன்று இடத்தில் பிதுங்கியிருந்தது.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு வலியே இல்லியா?"

"நொப்பி லேதம்மா, வலி இல்ல. விழுந்த எடத்துல நாலு நாள் இருந்துச்சு. அப்பறம் போயிடுச்சு."

"என்னுத விட உங்க படம் மோசமா கீதே!"

கங்கையா சிரித்தார். "அப்போ படத்துக்குத்தான் நொப்பி. எனக்கு லேது."

அவர் வேடிக்கையாகச் சொன்னதை பிரமிளாவால் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று முழுக்க டிக்கெட் கிழித்துக்கொண்டே அதையே யோசித்தாள். இந்தப் படத்தைப் பார்த்துத்தானே சித்தூரில் அவளுக்கு ஆபரேஷன் நாள் குறித்தார்கள்? இதைவிட மோசமான படத்தை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் நாள் பூராவும் ஸ்டியரிங் பிடிக்கிறார். அப்படியென்றால் என் வலி எங்கிருந்து வருகிறது?

விஜயபுரத்தில், வீட்டில், கணவன் ஆதிநாராயணனிடம் கேட்டாள். அவர் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு இப்போ இதெல்லாம்? அண்ணனுக்கு இதே ஆபரேஷன்தான செஞ்சாங்க? இன்னிக்கி எப்பிடி நடந்துகினு கீறாரு பாரு."

அவர் அண்ணன் பக்கிரிசாமிக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் முதுகில் ஆபரேஷன் ஆனது உண்மை. தடி ஊன்றிப் போனவர் கைவீசி நடந்து வந்ததும் உண்மை.

"அவருக்கு வலி கால்ல எறங்கிச்சி. பாதம் மரத்துப் போச்சு. எனக்குக் கால்ல ஒண்ணுமே இல்லியே. இடுப்புலதான கீது?"

"பெரிய டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"தெரியாது. அதான் கேக்கப்போறேன்."

அந்த வார வெள்ளிக்கிழமை, ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்குச் சித்தூர் போனபோது கேட்டேவிட்டாள். நரைத்த மீசைக்கார டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கோபித்துக்கொள்வாரோ என்று ஆதிநாராயணன் மனைவியின் முழங்கையைத் தொட்டார்.

"நல்ல கேள்விம்மா," என்றார் டாக்டர். "படத்துல வடிவம் தெரியும். வலி தெரியாது. உங்களுக்கு அந்தத் தட்டாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். அதைத் தேடிப் பாக்கறதுக்குன்னே திருப்பதியில ஒரு டாக்டர் இருக்காங்க. லெட்டர் தர்றேன். ஆபரேஷன் எங்க ஓடிப்போகப் போகுது? தேதி அப்படியே இருக்கட்டும். பாத்துட்டு வந்து சொல்லுங்க."

திருப்பதியில் இருந்த அந்த டாக்டரின் பெயர் ஸுப்ரஜா. தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பத்தில் பிறந்து, வலி வைத்தியம் படித்தவள். முப்பத்தைந்து வயது இருக்கும். படத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் பிரமிளாவைத்தான் பார்த்தாள். கால் பலம் குறைந்திருக்கிறதா, சிறுநீர் தெரியாமல் போகிறதா, உட்காரும் இடம் மரத்துப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றதும், "நல்லது. இதுல ஒண்ணு இருந்தாலும் நானே உங்கள ஆபரேஷனுக்கு அனுப்பியிருப்பேன்," என்றாள். "வலி எங்க? காட்டுங்க."

பிரமிளா உள்ளங்கையை விரித்து, இடுப்பு முழுக்கத் தடவிக் காட்டினாள்.

ஸுப்ரஜா மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைத் திருப்பினாள். ஒவ்வோர் எலும்புக்கும் பின்புறம், இரண்டு பக்கமும், பட்டாணி அளவில் சிறு மூட்டுகள் இருந்தன. "இதுவும் மூட்டுதான், முழங்கால் மாதிரி. தேயும், வலிக்கும். நூல் மாதிரி ஒரு நரம்பு அந்த வலிய மேல எடுத்துண்டு போகும். நான் மெல்லிசான ஊசியால அந்த நரம்ப மட்டும் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கறேன். வலி நின்னா, இங்கேருந்துதான் வருது. நிக்கலேன்னா, வேற எடம் தேடணும்."

"வலி அதோட போய்டுமா மேடம்?"

"சாயங்காலம் திரும்ப வந்துடும். இது வைத்தியம் இல்ல. விசாரணை."

"அப்ப வூட்டுக்குப் போய்ப் படுத்துக்கட்டுமா?"

"படுக்கவே கூடாது! ஆறு மணி நேரம், எதெல்லாம் செஞ்சா வலிக்குமோ அதெல்லாம் செஞ்சு பாக்கணும். அரை மணிக்கு ஒரு தடவ, பத்துக்கு எத்தனைன்னு எழுதணும். கூட ஒருத்தர் இருக்கணும்."

ஆறு வருஷமாக எல்லா டாக்டர்களும் அவளிடம் குனியாதே, தூக்காதே, நிற்காதே என்றே சொல்லியிருந்தார்கள். வலிப்பதை எல்லாம் செய்யச் சொன்ன முதல் ஆள் இவள்தான். பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்கு வலிக்கிறதுன்னா பஸ்ஸுதான் மேடம். என் வண்டியிலேயே ஏறட்டுமா?"

"தாராளமா."

மறு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவளைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. தோலில் எறும்பு கடித்தாற்போல் ஒரு சுருக், அப்புறம் ஓர் அழுத்தம். கழுத்தைச் சாய்த்தால் எக்ஸ்ரே திரை தெரிந்தது. சாம்பல் நிறத்தில் அவளுடைய எலும்புகள். அவற்றை நோக்கி முடி போல ஊர்ந்துகொண்டிருந்த ஊசி. தன் உடம்புக்குள் நடப்பதைத் தானே பார்ப்பது அவளுக்குப் பயத்தைவிட ஆச்சரியத்தைத்தான் கொடுத்தது.

"இப்ப எந்தப் பக்கம் மேடம்?"

"வலது முடிஞ்சுது. இடதுக்கு வர்றேன். பேசுங்க, ஆனா அசையாதீங்க."

அரை மணியில் எழுந்து உட்கார்ந்தாள். ஊசிக்கு முன்னால் வலி பத்துக்கு எட்டு என்று எழுதியிருந்த காகிதத்தை ஆதிநாராயணன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுதுகிற வேலை அவருடையது. இருவரும் புத்தூர் வந்து சேர்ந்தபோது கங்கையாவின் வண்டி தயாராக நின்றது. அன்றைக்கு அவளுக்குப் பதில் பவன்குமார் என்கிற இளம் கண்டக்டர் டியூட்டியில் இருந்தான்.

"மேடம், லீவு போட்டுட்டு எதுக்கு வந்தீங்க?"

"வலிக்குதான்னு பாக்க," என்று சொல்லி, நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆன பிறகு அந்த வழித்தடத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வண்டி குலுங்கியது. பழக்கத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வலி வரவில்லை. உடம்பைத் திருகிப் பின் சீட்டைப் பார்த்தாள். வரவில்லை. பின்பக்கம் வளைந்து மேல் கம்பியை எட்டிப் பிடித்தாள், ஆறு வருஷமாக உயிர் போகிற வேலை அது. இடுப்பு மெத்தென்று, வேறு யாருடைய இடுப்போ போல, வளைந்து கொடுத்தது. கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் கூடையோடு நின்ற பொம்பளை, "ஏம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா கீது," என்றாள் பிரமிளா.

"எத்தினி எழுத?" என்று சீட்டிலிருந்து கேட்டார் ஆதிநாராயணன்.

"ஒண்ணு. இல்ல, ரெண்டுன்னு போடுங்க. அவசரப்பட வேணாம்."

பிச்சாட்டூரில் எல்லோரோடும் இறங்கினாள். திரும்ப ஏறுவதற்கு இடது காலைப் படியில் வைத்து எம்பினாள். சுரீர் என்று பாய்ந்தது. அதே பழைய வலி. அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"பாத்தியா," என்றார் ஆதிநாராயணன் மெதுவாக. "ஊசியெல்லாம் ஒண்ணுத்துக்கும் ஆகலை. வியாழக்கிழமை ஆபரேஷன் தேதிக்கே போய்டலாம்."

அவள் இறங்கினாள். இந்தத் தடவை வலது காலை வைத்து ஏறினாள். வலிக்கவில்லை. இறங்கி, மறுபடி இடது கால். சுரீர். மறுபடி வலது. ஒன்றுமில்லை. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கங்கையா என்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஏமம்மா இது? வண்டிக்குப் பிரதட்சணமா?"

"இருங்கண்ணா. ஒரு நிமிஷம்." இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் துழாவினாள். அன்றுவரை அவள் உள்ளங்கையால் காட்டிக்கொண்டிருந்த இடம் முழுக்க மரத்து அமைதியாக இருந்தது. அதற்குக் கீழே, புட்டத்தின் மேல்புறக் குழியில், ஒரே ஒரு புள்ளி மட்டும் முழித்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் நுனி அதில் சரியாகப் பொருந்தியது.

"என்னாங்க, இங்க வாங்க. ரெண்டு வலி கீது!"

"இன்னா?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு. பெரிசு சத்தம் போட்டுகினு இருந்ததால சின்னது தெரியல. பெரிசு தூங்கிப்போச்சு, சின்னது இங்க கீது. தொட்டுப் பாருங்க."

நடு பஸ் ஸ்டாண்டில் ஆதிநாராயணன் கூச்சப்பட்டார். ஆனாலும் தொட்டார். அவள் துள்ளினாள். கையை எடுத்தார், ஒரு விரல் மேலே வைத்து அழுத்தினார். அவள் அசையவில்லை. இன்னொரு விரல் தள்ளி. அப்போதும் அசையவில்லை. திரும்பவும் அந்தப் புள்ளிக்கு வந்தார். துள்ளினாள். அவர் முகம் மாறியது. கொல்லையில் பூச்சி விழுந்த செடியைக் கண்டால் உட்கார்ந்து இலை இலையாகப் புரட்டுவாரே, அந்த முகம். பேனாவை எடுத்து, யாரும் சொல்லாமலே, காகிதத்தில் இடுப்பு மாதிரி ஒரு படம் போட்டு, இடது பக்கம் கீழே புள்ளி வைத்தார்.

சத்தியவேடு போய்த் திரும்பும்வரை இருவரும் அதே வேலையாக இருந்தார்கள். உட்கார்ந்து எழுந்தால்? புள்ளி. திரும்பினால்? இல்லை. ஒற்றைக் காலில் நின்றால்? இடது என்றால் புள்ளி. நாலு மணிக்கு மேல் பெரிய வலி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது: மூன்று, ஐந்து, ஏழு. டாக்டர் சொன்னபடியே வலி வந்ததற்காகச் சந்தோஷப்பட்டது அவள் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். இரவு ஆதிநாராயணன் தானாகவே சொன்னார். "அந்தத் தேதிய நான் போன் பண்ணி நிறுத்தச் சொல்றேன்."

அந்தக் காகிதத்தை ஸுப்ரஜா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் படத்த யார் போட்டா?" என்று கேட்டாள். ஆதிநாராயணன் சுவரைப் பார்த்தார்.

ஒரு தடவை பலித்ததை நம்பக் கூடாது என்று, இரண்டு வாரம் கழித்து வேறு மருந்தால் அதே சோதனையைத் திரும்பச் செய்தாள். அதே பதில் வந்தது. அந்தப் புள்ளிக்கு, இடுப்பெலும்பு முதுகோடு சேரும் மூட்டில், தனியாக ஓர் ஊசி. அந்த வலியும் கொஞ்ச நேரம் அடங்கிப் பதில் சொன்னது. அப்புறம்தான் வைத்தியம்: ஊசி முனையில் சூடு கொடுத்து, அந்த நூல் நரம்புகளைச் செயலிழக்க வைத்தாள். அன்றே வீட்டுக்கு அனுப்பினாள்.

மூன்று வாரம் முதுகு தீய்ந்தாற்போல் எரிந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று பிரமிளா இரண்டு முறை அழுதாள். நாலாவது வாரம் ஒரு காலை, பல் துலக்கி முடித்த பிறகுதான், வலிக்காமல் குனிந்து நிமிர்ந்தது அவளுக்கு உறைத்தது. புட்டத்துப் புள்ளி முழுசாக ஒழியவில்லை. அதற்கு உடற்பயிற்சி கொடுத்திருந்தார்கள். தினமும் பாய் விரித்துச் செய்தாள்.

"அந்த நரம்பு திரும்ப மொளைக்குமா மேடம்?"

"மொளைக்கும். ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம். சிலருக்கு வலி திரும்பும், சிலருக்கு திரும்பாது. உங்களுக்கு எப்படின்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க எனக்கும் ஆசைதான்."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னது பிரமிளாவுக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசியில் மறுபடி டியூட்டியில் சேர்ந்தாள். வலி பெரும்பாலும் இரண்டு, மழை நாளில் நான்கு. ஒரு மதியம் பிச்சாட்டூர் அணை ரோட்டில் டயர் பஞ்சரானது. கங்கையாவும் இரண்டு ஆண்களும் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருக்க, பிரமிளா கரையைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக இந்த வழியாகப் போகிறாள். கரைக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை.

இடது காலை முதலில் வைத்து ஏறினாள். லேசாகக் குத்தியது. பரவாயில்லை என்று அடுத்த அடி வைத்தாள். மேலே காற்று பலமாக இருந்தது. தண்ணீர் அவள் நினைத்ததைவிட ரொம்பத் தூரத்துக்குப் போயிருந்தது. நடுவில் ஒரு மரம் கழுத்தளவு மூழ்கி நிற்க, அதில் வெள்ளையாக என்னவோ பறவைகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. என்ன பறவை என்று தெரியவில்லை. கீழே கங்கையா ஹாரன் அடித்தார்.

"ரெண்டு நிமிஷம்ண்ணா!" என்று கத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று கரையோடு நடந்தாள்.