பெட்டி கேட்ட பெயர்

பிணம் கனக்கும் என்பது எங்கள் புஹேரா பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. மனக்குறை இருந்தால் வீட்டைவிட்டுக் கிளம்பாது. ஆனால் காய்ச்சலில் வற்றிப்போன ஆமோஸின் பெட்டியை எட்டுப் பேர் தூக்கியும் தரையைவிட்டு ஒரு விரற்கடைகூட எழவில்லை.

சிங்கக் குலத்தார் வீட்டுச் சாவில் கேலி பேசவும், முன்னால் நின்று அடக்கம் செய்யவும் உரிமை உள்ள தோழமைக் குடும்பம் எங்களுடையது. அழுகிறவர்களைச் சிரிக்கவைக்காவிட்டால் நான் எதற்கு? ஆமோஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அவனைப்போலவே தோளைக் குறுக்கி முற்றத்தில் நடந்து காட்டினேன். பிறகு பெட்டியருகில் குந்தினேன்.

"ஏண்டா ஆமோஸ், ஒரு மாசமா ஒரு வாய் சோளக்களி உள்ள இறங்கல. எங்கேருந்துடா இந்தக் கனம்? போற வழிக்குப் பானையோட கட்டிக்கிட்டியா?"

சிரித்தார்கள். பெட்டி அசையவில்லை.

"குலத்தச் சொல்லிக் கூப்பிடுப்பா ஃபனுவேல்," என்றார் செஞ்செராய் சித்தப்பா. ஆமோஸின் மனைவி ஷுவாய் சிங்கக் குலத்துப் பெண், தகப்பன் இல்லாதவள். வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் இவர்தான். பெட்டியில் எனக்கு எதிர்மூலையைப் பிடித்திருந்தார்.

பெயர் சொல்லி அழைத்தால் ஆள் மட்டும் திரும்புவான். குலம் சொல்லி அழைத்தால் பாட்டன் முப்பாட்டனும் சேர்ந்து திரும்புவார்கள். மூன்று வருடம் முன்பு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து தனியாக வந்த ஆமோஸ், தான் இதயக் குலம் என்றான். தன் குலச் சின்னத்தை யாரும் தின்பதில்லை; அவனும் ஆட்டின் இதயத்தைக்கூடத் தொடமாட்டான். நம்பித்தான் பெண் கொடுத்தார்கள்.

"நெஞ்சுக்குள்ள துடிக்கிறவரே, எழுந்திரிங்க."

மூன்று முறை துதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"சொன்ன குலம் அவனோடது இல்ல போலிருக்கே," என்றாள் ஒருத்தி.

"குலத்தப் போயி ஒருத்தன் எதுக்குடி மறைக்கணும்?" என்றாள் இன்னொருத்தி.

பதில் எல்லோருக்கும் தெரியும். ஒரே குலம் என்றால், எந்த மூலையில் பிறந்தவர்களானாலும் அண்ணன் தங்கை முறை. ஆமோஸும் சிங்கம் என்று ஆகிவிட்டால் ஷுவாயை எந்த வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள். அவள் வயிற்றில் இருக்கும் ஆறு மாதப் பிள்ளையை யாரும் கையில் வாங்கமாட்டார்கள். அவள் சுவரோரம் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பெண்ணைச் சின்ன வயதிலிருந்து அறிவேன்.

"தந்தம் தாங்கினவரே." பெட்டி எழவில்லை. "ஆத்தோட ஆழம் அறிஞ்சவரே." எழவில்லை. "கிளைக்குக் கிளை தாவினவரே." யானையும் மீனும் குரங்கும் அவனை அசைக்கவில்லை. கூட்டத்தின் கண்கள் மெல்லச் சித்தப்பா பக்கம் திரும்பத் தொடங்கின.

இனியும் தாமதித்தால் அவர்களே அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கேலி செய்கிறவன்போல் பெட்டிமேல் கவிழ்ந்தேன். பலகையில் கன்னத்தை வைத்து, சிங்கத்தின் துதியை முணுமுணுத்தேன்.

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள். என் மூலை தானாக மேலே வந்தது. வெறும் பலகையின் கனம்கூட இல்லை. எதிரே சித்தப்பாவின் மூலையும் எழுந்திருந்தது. சிங்கத்தின் துதியைக் காதால் கேட்கவேண்டியதில்லை, என் உதட்டைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டிருப்பார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"வரிக்குதிரை," என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். "கோடு போட்ட தோலுக்காரரே, கிளம்புங்க."

பெண்கள் குலவையிட்டார்கள். "அட, இத முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? ஊர்ல என்ன வம்பு பண்ணிட்டு வந்தானோ," என்று ஒருத்தி சொல்ல, பலர் சிரித்தார்கள். சித்தப்பா தன் மூலையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

பாறைமேட்டில் குழி வெட்டும்போது நானும் இருந்தேன். பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டுத்தான் வெட்டினோம். கயிற்றைத் தளர்த்தினோம். கயிறு தொங்கியது, பெட்டி இறங்கவில்லை. எதிலும் முட்டாமல் குழியின் வாயில் அப்படியே நின்றது. பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை, பாடிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவ கூப்பிடு," என்றார் சித்தப்பா.

வரிக்குதிரையைத் துதித்தேன். பாதியில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செத்தவனிடம் பொய் சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

அப்போது ஷுவாய் வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழியோரம் மண்டியிட்டுக் குனிந்தாள். அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பேசியது என் காதிலும் சித்தப்பா காதிலும் மட்டும் விழுந்தது.

"எனக்குத் தெரியும்னு அன்னிக்கே சொன்னேன்ல. இவங்க ரெண்டு பேரும் சொல்லமாட்டாங்க, நானும் சொல்லமாட்டேன். போங்கண்ணா."

பெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. சித்தப்பா ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினார். குழியில் போடாமல், அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.