காலில்தான் பிழை

பாலையூற்று மக்டலினின் வெட்டுப்பட்ட காலில் ஒரு வியாழக்கிழமை விடியப் படிகள் முளைத்திருந்தன. முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருந்த துண்டைச் சுற்றி, நூல் தடிப்பில், ஒன்றன்மேல் ஒன்றாக. அன்று சந்தையில் சூரை மீன் மலிவு.

சீனி நோயில் வலது காலை வெட்டி எடுத்ததிலிருந்து அவள் உப்புவெளிக் கரையில் கருவாடு போடப் போகவில்லை. அந்த மணலில் திரும்ப நடந்தால் போதும் என்றாள், வேறொன்றும் கேட்கவில்லை. கொழும்பில் படித்த மெல்ரோய் ஒரு மெஷினோடு ஊருக்கு வந்தான். கொம்பியூட்டரில் உருவத்தைக் கீறி வரைந்து கொடுத்தால், மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கி, தோசைமேல் தோசை வைத்ததுபோல் அடுக்கி அதைச் செய்யும். படித்தவன் சொன்னால் இந்த ஊர் வாயைப் பிளக்கும். அவளுக்கு அவன் செய்த கால் வெளியே அழகு. உள்ளே, வளைவு வரும் இடமெல்லாம் அடுக்கின் விளிம்பு படிபடியாக நின்று தோலை அறுத்தது. அடுக்கை மெல்லிசாக்கினான். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்குகிறது என்று அளவைக் கூட்டினான். பிறகும் இரத்தம். திரும்பத் திரும்ப அளந்துவிட்டு, "கொம்பியூட்டரில இருக்கிறதும் செய்ததும் ஒண்டுதான். உங்கட கால்தான் பிழை, அன்ரி," என்றான்.

"அப்ப அதைக் கழட்டி ரிப்பேருக்குக் கொண்டு போவன்ரா," என்றான் அவள் புருசன் அல்பிரட்.

மக்டலின் சிரிக்கவில்லை. "தம்பி படிச்ச பிள்ளை. பிழையெண்டா நான்தானே திருத்தோணும்."

கால் அதைக் கேட்டுக்கொண்டது. விடியப் படிகள் வந்தன. செய்த கால் மயிரிழை பிசகாமல் ஏறியது. ஒரு கிழமை, ஏழு நாளும், கரையில் நடந்தாள். மெல்ரோய்க்கு அது போதவில்லை. கொம்பியூட்டரில் இன்னும் திருத்தினான், அதற்கேற்ப அவளுடைய சொந்தக் காலும் இறுகியது. கொம்பியூட்டரில் அவளுடைய இடது காலின் உருவத்தைக் கண்ணாடியில்போலத் திருப்பிப் போட்டுத்தான் வலதைக் கீறியிருந்தான், ஆகவே இடதிலும் படிகள் வந்தன. பிறகு இடுப்பு, நெஞ்சு. பிளாஸ்டிக்கைப்போலவே சுருங்கி அல்பிரட்டின் இடுப்பளவுக்கு வந்தாள். அளக்கிற நேரமெல்லாம் சரியாக இருந்தது. முழுதும் சரியானபோது அவள் உடம்பில் மடங்கும் இடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

"எனக்கு நடக்கத்தானே வேணுமெண்டனான்," என்றாள். வாய் மட்டும் மிச்சம்.

இப்போது அல்பிரட் அவளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உப்புவெளி பஸ்ஸில் ஏறுகிறான். கொண்டக்டர் அவளைச் சாமானாகப் பார்ப்பதில்லை, ஆள் டிக்கெற்தான் கிழிக்கிறான். கரையில் கருவாட்டுக்குப் பக்கத்தில் நின்று, கத்திக் கத்திக் காகம் விரட்டுகிறாள். உச்சி வெயிலில் இடது கால் பெருவிரல் இளகிக் கொஞ்சம் மடியும். மெல்ரோய் வந்து அளந்து, பிழை என்று நேராக்கிவிட்டுப் போவான்.