ஐந்தாம் தேதி லாபம்

ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி உள்ளங்கையைக் கீறியது. அவன் நிறுத்தவில்லை. ஸ்கூல் வேனின் டாஷ்போர்டுப் பெட்டியை மறுபடி நெம்பினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் உடலைக் கொண்டுவர இன்னும் அரை மணி நேரம். அதற்குள் அந்தச் சீட்டு கைக்கு வந்தாக வேண்டும். பீரோவில் இல்லை. கைப்பையில் இல்லை. மிச்சம் இருப்பது அவள் ஓட்டிய இந்த வேன்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், தான் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடியபோது கிடைத்த பணம் மொத்தத்தையும் அக்கா அவனிடம் கொடுத்தாள். “ஷேர் கம்பெனியில வேலை பார்க்கிறவன் நீ. நல்லதா பார்த்துப் போட்டு வைடா.” அவனும் பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டான். அத்தனையையும் ஒரே கப்பல் கம்பெனியில் கொட்டினான். ஏழாவது மாதம் கம்பெனி திவால்.

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வோர் ஐந்தாம் தேதியும் தன் சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து, லாபம் என்று அனுப்பினான். ஒவ்வொரு தடவையும் அக்கா போன் செய்வாள். “வந்துச்சுடா. கப்பல் நல்லா ஓடுது போல.”

இன்றைக்கு அந்தச் சீட்டு மாமா கண்ணில் பட்டால் அசல் எங்கே என்று கேட்பார்.

பெட்டி திறந்துகொண்டது. உள்ளே ஒரு தடித்த நோட்டு. நடுவில் விரித்தான். பென்சிலில் அக்காவின் கையெழுத்து.

‘எல்லாத்தையும் ஒரே இடத்துல போடக்கூடாது. ஏன்னு எனக்குத் தெரியும்.’

அவன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான்.

‘ஏறினதுல கொஞ்சம் வித்து, இறங்கினதுல போட்டேன். மனசு கேக்கல. ஆனா அதான் முறை.’

‘சந்தை சரிஞ்சு மூணாவது நாள். எல்லாரும் விக்கிறாங்க. கையை ஸ்டீயரிங் மேல வெச்சுக்கிட்டேன். விக்கல.’

அந்தத் தேதி அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்குத்தான் அவன் கையிலிருந்த அத்தனையையும் அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தான்.

பக்கம் பக்கமாகப் புரட்டினான். எதை வாங்கினாள், ஏன் வாங்கினாள், எங்கே தப்பாகலாம். ஒரு மாதம்கூட விடுபடவில்லை. தேதி எல்லாம் ஐந்து, ஐந்து, ஐந்து. பக்கத்தைத் திருப்பும்போது அவன் விரல், தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல மெதுவாகிவிட்டது.

“ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக்கிட்டு அங்க என்ன பண்ற?”

ஜன்னலில் மாமா. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

“வண்டிப் பேப்பர் தேடினேன், மாமா.”

“சாவி என்கிட்ட இருக்கே. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?” அவர் நோட்டைப் பார்த்தார். “அதுவா. ஸ்கூல் விடற வரைக்கும் வண்டியில உக்காந்து படிப்பா. பரீட்சை எழுதப் போறியாடின்னு கேட்டேன் ஒருநாள். ‘தம்பி பெயிலாயிட்டான், அவனுக்கும் சேர்த்து நான் எழுதறேன்’னா. அவ பேசறது எனக்கு என்னிக்குப் புரிஞ்சுது.”

அவன் ஸ்க்ரூ டிரைவரை இருக்கைக்கு அடியில் தள்ளினான்.

“காலையிலகூட பாரு,” மாமா வண்டிக் கதவைத் தடவினார். “பிள்ளைங்களை எல்லாம் இறக்கிவிட்டு, ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டுட்டுத்தான் சாஞ்சிருக்கா.”

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அவன் முதல் பக்கத்துக்குப் போனான். ஒரு செய்தித்தாள் துண்டு ஒட்டியிருந்தது. கப்பல் கம்பெனி திவால். அதன் கீழே அவன் தேடிய சீட்டு. அதற்கும் கீழே:

‘தம்பி இன்னிக்கு முதல் தடவையா லாபம்னு அனுப்பியிருக்கான். சம்பளத்துலேர்ந்துதான் எடுத்திருப்பான். கேட்டா உடைஞ்சிடுவான். இதைச் செலவுக்குத் தொடக்கூடாது. ஷேர்ல எப்படிப் போடணும்னு நானே கத்துக்கணும்.’

தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பியது. வாசலில் நாற்காலிகள் நகர்ந்தன.

அவன் அவசரமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். நேற்றைய தேதி.

‘தொலைஞ்ச அசல் மொத்தமும் திரும்பி வந்தாச்சு. இனிமே அனுப்ப வேண்டாம்னு தம்பிகிட்ட சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.’