மெல்லிசு நிப்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் அக்கா புருஷன் அப்படித்தான் பிழைத்தார். பழைய சாமான்களை ஏலம் விடுவது அவர் தொழில். மைக்கை நீட்டினால் கோபம் வரும். கடைசி வரிசையில் தூங்குகிறவன்கூட அவர் குரல் கேட்டு எழுந்து விலை சொல்லுவான். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்த பிறகு, அந்தச் சத்தம் முழுக்கத் துண்டுக் காகிதத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆபரேஷனில் தோள் நரம்பும் தளர்ந்துபோனதால் பால்பாயின்ட் பேனாவை அழுத்தினால் வலித்தது. போனில் தட்டினால் அது படித்துக் காட்டும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதுமே அக்கா, "யாரோ ஒருத்தன் என் புருஷன் சட்டையப் போட்டுக்கிட்டு வந்து பேசற மாதிரி இருக்கு. அணைங்க முதல்ல" என்றாள். மை பேனாவை அழுத்த வேண்டாம், தொட்டாலே ஓடும் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் மாமா, அக்கா, நான் மூன்று பேரும் பேனாக் கடைக்குக் கிளம்பினோம்.

எந்த நிப் என்பதில் வீட்டில் ஏற்கெனவே தலைக்குத் தலை பெரியதனம். அவர்கள் மகளுக்குப் பட்டை நிப்தான் வேண்டும்; எட்ட இருந்தே படிக்கலாமாம். அக்காவுக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கல், கண்ணாடியை வைத்த இடமும் ஞாபகம் இருக்காது. அவளும் பட்டை என்றாள். எதற்கு வம்பு என்று நான் நடுத்தரம் என்றேன். என்னை யாரும் சட்டை செய்யவில்லை. மாமாவை யாரும் கேட்கவே இல்லை.

வீட்டில் ஒரு பழக்கம் வந்திருந்தது. மாமா காகிதத்தை நீட்டியதும் பக்கத்தில் இருப்பவர் அதை உரக்கப் படிப்பார். அடுப்படி வரைக்கும் கேட்க வேண்டாமா? "தண்ணி வேணுமாம்!" "முதுகு அரிக்குதாம்!" ரயில் நிலைய அறிவிப்பு தோற்றுப்போகும். வயிற்றுக் கோளாறுகூட இப்படித்தான் ஊரறியப் போனது. பெரிய உதவி செய்கிறோம் என்று எங்களுக்கெல்லாம் நினைப்பு.

மாமாவின் எழுத்து வரவரச் சுருங்கியது. அரைப்பக்கம் எழுதியவர் ஒரு வரிக்கு வந்தார். பிறகு ஒரு வார்த்தை. கொஞ்ச காலமாக அந்த ஒரு வார்த்தையும் 'வேணாம்' மட்டும்தான். மனுஷன் எல்லாவற்றையும் விட்டுவிடப் போகிறார் என்று அக்கா உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். எழுத்து பெரிதாக விழுந்தால் பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

கடைக்காரர் மூன்று பேனாக்களில் மை நிரப்பி வைத்தார். மாமா ஒன்றை எடுத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"வர்றவங்க எல்லாருமே இதைத்தான் சார் பண்றாங்க" என்றார் கடைக்காரர். "கையெழுத்து எந்த நிப்லயும் நல்லாத்தான் வரும். கை அது பாட்டுக்குப் போட்டுடும். உக்காந்து, நீங்க தினம் என்ன எழுதுவீங்களோ அதை எழுதிப் பாருங்க."

மாமா உட்கார்ந்தார். பட்டையில் 'வேணாம்' என்று எழுதினார். நடுத்தரத்தில் 'வேணாம்'. மெல்லிசிலும் 'வேணாம்'.

அக்கா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது.

"பட்டையே குடுங்க" என்றாள். "அவர் எழுதினா வாசல்ல நிக்கிறவனுக்கும் தெரியணும். அவர் குரல் அப்படி."

அவள் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான். கடைக்காரர் நிப்பைத் துடைத்து டப்பாவில் வைக்கப் போனார். மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, அலமாரியின் மூலையில் இருந்த ஒரு பேனாவைக் காட்டினார்.

"அது மெல்லிசுலயும் மெல்லிசு சார். பொடி எழுத்துல கணக்கு எழுதறவங்க வாங்குவாங்க. முகத்துக்கிட்ட வச்சாத்தான் படிக்க முடியும்."

அதேதான் வேண்டும் என்று மாமா வேகமாகத் தலையாட்டினார்.

"என்னங்க, விளையாடறீங்களா? நான் எப்படிப் படிக்கிறது?" என்றாள் அக்கா.

கடைக்காரர் அதில் மை தொட்டுக் கொடுத்ததும் மாமா பதில் எழுதினார். இடது கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சைப் பிள்ளை மாதிரி குனிந்து எழுதினார். காகிதத்தின் அடி வரைக்கும் போனார். வழக்கம்போல நான்தான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டி அக்காவிடம் கொடுத்தார்.

அவள் பையைக் குடைந்து பார்த்துவிட்டு, என் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டாள். பழக்க தோஷம், உரக்கவே ஆரம்பித்தாள்.

"'ராத்திரி ஆனா எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. இதை உன்கிட்ட மட்டும்…'"

கடையில் இருந்த ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீதியை உதடு அசையாமல் படித்தாள். ஒருமுறை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. தெரியாததில் கோபம்தான் வந்தது, அப்புறம் வெட்கமாக இருந்தது.

அவள் வாய் திறந்து ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தேன். அவளோ அவர் விரலிலிருந்து பேனாவை வாங்கி, காகிதத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தாள். அவர் தலை அவள் தலையை இடிக்கிற மாதிரி குனிந்து படித்தார். பேனா மறுபடி அவர் கைக்குப் போனது.

கடைக்காரர் என்னிடம் வந்து, "எந்த நிப் சார் முடிவு பண்ணியிருக்காங்க? கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். "பேசிக்கிட்டிருக்காங்க."