ஊறிய விதையும் வெட்டிய வரியும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் அக்கா போன் செய்து, ஆறு ஏக்கர் கொண்டைக்கடலையில் மூன்று ஏக்கர் முளைக்கவே இல்லை என்றாள். போனை வைத்தேன். உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். இதிலேயே என் புத்தி உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2

தொடக்கம்: வானம் கைவிட்ட மண்ணில் ஒரு பெண் தன்னந்தனியாக

(அடித்துவிட்டேன். அக்கா தனியாக இல்லை, அத்தான் இருக்கிறார். வானமும் கைவிடவில்லை, ஒரு நல்ல மழை பெய்தது. அந்தப் பக்கம் எப்போதும் அவ்வளவுதான். மண்ணுக்குள் தங்கும் அந்த ஈரத்தை நம்பித்தான் கடலை போடுகிறார்கள். மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் விதையை நான்கு விரல் ஆழத்தில், ஈரம் தட்டுப்படும் இடத்தில் இறக்க வேண்டும்.)

3

இன்னொரு தொடக்கம்: தங்கை ஒருத்தி விவசாயக் கையேடுகளைத் திருத்தும் வேலை பார்க்கிறாள்.

(தங்கை என்று எழுதினால் யாரோ போல வசதியாக இருக்கிறது. நான்தான் அது.)

மழை குறைந்த நிலத்துக்கான கடலைக் கையேடு ஒன்று என் மேசைக்கு வந்தது. விதையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்றது. அடுத்த வரி: அன்றைக்கே விதைத்து முடிக்கக்கூடிய அளவு மட்டும் ஊறவைக்கவும். பக்கம் நிரம்பி வழிந்தது, படம் வேறு வைக்க வேண்டும். தெரிந்த விஷயம்தானே என்று அந்த வரியை வெட்டினேன்.* பக்கம் அழகாக உட்கார்ந்தது. பெருமை தாங்காமல், அச்சுக்குப் போகும் முன்பே அக்காவுக்கு அனுப்பிவைத்தேன்.

* யாருக்குத் தெரிந்த விஷயம் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

4

அக்கா மொத்த விதையையும் ஒரே நாளில் ஊறப்போட்டாள். வாடகை டிராக்டர் மூன்று ஏக்கர் விதைத்ததும் படுத்துக்கொண்டது. சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. மிச்ச விதை ஈரத்தோடு மூட்டையில் கிடந்து முளைவிட்டது. அத்தான் மூட்டைக்குள் கையை விட்டு, சுடுகிறதே என்றாராம். வெயிலில் கிடந்தால் சுடாமல் என்ன செய்யும் என்று அக்கா அவர் வாயை அடைத்துவிட்டாளாம். என் கையேட்டை அவள் அவ்வளவு நம்பினாள். டிராக்டர் சரியானதும் அந்த விதையையே போட்டார்கள்; விதைக்கும்போதே முளைகள் ஒடிந்துபோயிருக்கும்.

5

சில முடிவுகள்.

அ) விதைக்கடைக்காரர் கெட்டுப்போன விதையைக் கொடுத்துவிட்டார். (அக்கா இப்படித்தான் நம்புகிறாள். நாளைக்குக் கடைக்கே போய்ச் சண்டை போடப் போகிறாள். நான் 'ம்' கொட்டினேன்.)

ஆ) மண்ணுக்குள் கிடப்பது தாமதமாக முளைக்கிறது. (முனை ஒடிந்த முளை எங்கே எழும்பும்? ஆசைக்கு எழுதினேன்.)

இ) தங்கை உண்மையைச் சொல்கிறாள். அக்கா

(இதற்கு மேல் ஓடவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்வேன். பேசாமலே இருந்துவிட்டால்? பயமாக இருக்கிறது.)

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா மறுபடி கூப்பிட்டாள். குரலில் கோபம் தணிந்திருந்தது.

"பக்கத்து நிலத்துக்காரர் வந்தாருடி. அவரோடது பள்ளம், இப்பத்தான் விதைக்கிற பதத்துக்கு வந்திருக்கு. நம்ம மூணு ஏக்கர் எழும்பி நிக்கறதைப் பாத்துட்டு எப்படின்னு கேட்டாரு. உன் கையேட்டை அப்படியே படிச்சுக் காட்டிட்டேன். விதையை மட்டும் வேற கடையில வாங்கச் சொன்னேன். சாயங்காலம் மொத்தத்தையும் தொட்டியில போடறாராம்."

எத்தனை ஏக்கர் என்று கேட்டேன்.

"பதினாலு. மாடு கட்டித்தான் விதைப்பாரு. எப்படியும் நாலஞ்சு நாளாகும்."

சரிக்கா என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆமாம், சரிக்கா என்றுதான் சொன்னேன்.

இப்போது மணி மூன்றரை. அக்கா என்னோடு பேசினாளா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. போன் போய்க்கொண்டிருக்கிறது. எடுத்துவிட்டாள்.

"அக்கா, அவரை முதல்ல விதையைத் தண்ணியில போடாம நிறுத்து. ஏன்னு அப்புறம் கேளு."